போய்வருவதா, தங்குவதா, குடியேறுவதா? வன்னியில் வேலை, யாழ்ப்பாணத்தில் வீடு

முல்லைத்தீவுக்கு மாற்றம் என்று கடிதம் வந்த அன்று என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "அப்ப நீங்கள் இனி எத்தனை மணிக்கு எழும்ப வேணும்?" பதவி என்ன, படி கூடுமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அதற்கு முன் மூன்று வருடம் நான் கிளிநொச்சிக்குப் போய்வந்ததைப் பார்த்தவள். கடிதத்தில் எது முக்கியம் என்று அவளுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் வீடும், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வன்னிப் பக்கம் வேலையுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். ஆசிரியர்கள், கச்சேரி (மாவட்டச் செயலக) உத்தியோகத்தர்கள், தாதியர், வங்கிக்காரர், நிறுவனங்களில் வேலை செய்கிற பிள்ளைகள். இடமாற்றப் பட்டியல் வந்ததும் இவர்களுடைய வீடுகளில் ஒரே கதைதான் நடக்கும்: தினமும் போய்வருவதா, அங்கேயே அறை எடுத்துத் தங்குவதா, குடும்பத்தோடு போய்விடுவதா? பெரும்பாலும் இதைக் காசுக் கணக்காகவே பார்ப்போம். பஸ் காசு இவ்வளவு, வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று கூட்டிக் கழிப்போம். நானும் அப்படித்தான் கூட்டிக் கழித்தேன். அந்தக் கணக்கில் என் தலையிடி இல்லை, நித்திரை இல்லை, இரவில் பிள்ளைகளோடு எரிந்து விழுந்ததும் இல்லை.

வேலை அழுத்தம் குறைய மூச்சுப் பயிற்சி, யோகா, நடை என்று எத்தனையோ வழி சொல்கிறார்கள். எல்லாம் சரி. அவற்றைச் செய்ய ஒரு நாளில் எந்த அரை மணித்தியாலம் மிஞ்சும்? அதை இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. முதல் இரண்டு வழிகளையும் நான் வாழ்ந்து பார்த்தேன். மூன்றாவதை நான் செய்யவில்லை; செய்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

போய்வருவதிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலானவர்கள் தொடங்குவதும் அதிலிருந்துதான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏ9 வீதியில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒன்றரை, ஒன்றே முக்கால் மணித்தியாலம். வீட்டிலிருந்து வந்து காத்து நிற்பது, இறங்கி நடப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவு என்றால் பரந்தனில் திரும்பி ஏ35 வீதியில் இன்னும் ஐம்பது கிலோமீற்றர் போக வேண்டும். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எல்லாம் தாண்டி வட்டுவாகல் பாலம் வரும்போது உடம்பு ஏற்கெனவே ஒரு நாள் வேலையை முடித்த மாதிரி இருக்கும்.

கிளிநொச்சியையே எடுப்போம். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம். வருடத்தில் 220 வேலை நாள் என்று வைத்தால் 880 மணித்தியாலம். இரவு பகலாகக் கணக்கிட்டால் 36 நாளுக்கு மேல் வீதியிலேயே போகிறது. இதைக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்த அன்று, எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் தரமும் பெருக்கினேன்.

2004 இல் உளவியலாளர் டானியல் கானமனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தின நாள் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் போய் நின்றது. சமையல், வீட்டுவேலை, அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் கீழே. அந்தப் பெண்களில் யாரும் கொடிகாமத்தில் ஏறி ஆனையிறவு வரை ஒற்றைக் காலில் நின்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் களைப்புத் தூரத்தால் மட்டும் வருவதில்லை. எட்டரைக்குள் விரலடையாளம் வைக்க வேண்டும். பஸ் எப்போது வரும், இடம் கிடைக்குமா, பளையில் எவ்வளவு நேரம் போட்டுவைப்பான், எதுவும் நம் கையில் இல்லை. றொபேட் கரசெக் என்ற ஆய்வாளர் 1979 இல் வேலை அழுத்தத்தைப் பற்றி எழுதியது இதற்கு அப்படியே பொருந்தும்: நம்மிடம் கேட்கப்படுவது அதிகம், நம் பிடியில் இருப்பது கொஞ்சம் என்றால்தான் மனிதன் நொந்துபோகிறான். அலுவலக வாசலை மிதிக்க முதலே நாங்கள் அந்த நிலையில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் போகிறோம்.

இருந்தாலும் போய்வருகிறவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரவில் சொந்தப் பாயில் படுக்கலாம். அம்மாவுக்கு மருந்து கொடுக்கலாம். பிள்ளையின் கொப்பியைத் தூக்கக் கண்ணோடு என்றாலும் பார்க்கலாம். அப்புறம் அந்தப் பஸ் ஒரு தனி ஊர். இன்னாருக்கு இன்ன சீற் என்று எழுதாத சட்டம் உண்டு. ஒருவர் வராவிட்டால் அடுத்த நாள் ஏன் என்று கேட்க ஐந்து பேர் இருப்பார்கள். யாருக்காவது வீட்டில் துக்கம் என்றால் நாவற்குழி தாண்ட முதல் காசு சேர்ந்துவிடும். முல்லைத்தீவில் தனி அறையில் இருந்த நாட்களில் நான் வீட்டுக்கு அடுத்தபடியாகத் தேடியது அந்தப் பஸ்ஸைத்தான். மழைக்காலத்தில் ஆனையிறவுப் பரவைக்கடலில் பூநாரைகள் வந்து நிற்கும். போனைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் ஒரு தடவை நிமிரும்.

பஸ்ஸா றெயினா என்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. போரால் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. உங்கள் வீடு கொக்குவில், நாவற்குழி, சாவகச்சேரி என்று ஏதாவது ஒரு நிலையத்துக்குக் கிட்ட இருந்து, அலுவலகமும் கிளிநொச்சி நகரத்திலேயே இருந்து, நேரமும் ஒத்துவந்தால் போய்வருவது தாங்கக்கூடிய வாழ்க்கை. றெயினில் கால் நீட்டலாம். பாட்டுப் பெட்டியின் அலறல் இல்லை. கண்ணை மூடலாம்.

கண்ணை மூடி நான் செய்தது இரண்டு பயிற்சிகள். ஒன்று, நாலு எண்ணி மூச்சை எடுத்து ஆறு எண்ணி விடுவது. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும். வேகஸ் நரம்பின் வேலை அது. வெளிமூச்சு நீள நீள அந்த அமைதி நரம்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மற்றது அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் போன நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த தசைத் தளர்வு. கையை இறுக்கிப் பொத்தி, ஐந்து விநாடி வைத்திருந்து, சட்டென்று விட வேண்டும். அப்படியே தோள், முகம், வயிறு, கால் என்று வரலாம். இறுக்கத்தையும் தளர்வையும் மாறி மாறி உணர்ந்தால்தான் உடம்பு எங்கே முறுகிக் கிடக்கிறது என்று பிடிபடும் என்பது அவருடைய எண்ணம். ஒரு நாள் நான் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து முன்னால் இருந்த ஐயா, "தம்பி, பல்லுக் குத்தோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தோளோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் எந்தப் பயிற்சியும் இழந்த நித்திரையைத் திருப்பித் தராது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியால நித்திரையாவது வேண்டும். விடியப்புறம் நாலரைக்கு எழும்புகிறவன் ஒன்பதரைக்குப் படுத்தால்தான் அது கிடைக்கும். ஆறரை ஏழுக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளோடு இரண்டு கதை கதைத்துவிட்டு ஒன்பதரைக்குப் படுக்க முடிந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. போதாக்குறைக்குக் களைப்புத் தெரியாமல் இருக்க நாலரைக்கு ஒரு தேநீர். அதில் உள்ள கஃபீனில் பாதியை உடம்பு வெளியேற்ற ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஒன்பதரைக்குப் படுத்தாலும் நித்திரை வராததற்கு ஒரு காரணம் அந்தத் தேநீர் என்று எனக்கு விளங்க இரண்டு வருடம் போனது.

சரி, தங்குவதற்கு வருவோம்.

முல்லைத்தீவில் அறை எடுத்த முதல் கிழமை சொர்க்கம். ஆறரைக்கு எழும்பினேன். சைக்கிளில் பத்து நிமிடத்தில் அலுவலகம். இரண்டு வருடமாக இருந்த தலையிடி பத்து நாளில் போனது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. பனடோல் அட்டை அப்படியே மேசையில் கிடந்தது.

இரண்டாம் மாதம் வேறு கதை. நாலேகாலுக்கு அலுவலகம் முடியும், நாலரைக்கு அறைக்கு வந்துவிடுவேன். தகரக் கூரை. மாசி பங்குனியில் அந்த நேரத்தில் உள்ளே இருக்கவே முடியாது. வெளியே போக ஆளும் இல்லை, அலுவலும் இல்லை. கட்டிலில் படுத்துப் போனைத் தடவத் தொடங்கினால் ஒன்பது மணியாகும். இரவுச் சாப்பாடு கடைக் கொத்து ரொட்டி. பக்கத்து அறைப் பெடியள் வெள்ளிக்கிழமைக்கு முதலே போத்தலைத் திறந்துவிடுவார்கள்; நல்ல பிள்ளைகள், தனிமைக்கு அவர்கள் கண்ட மருந்து அது. குடித்தால் நித்திரை கெதியாக வரும், ஆனால் நடுச்சாமத்தில் கலைந்துவிடும். அடுத்த நாள் இன்னும் களைப்பு. அதையும் நான் பார்த்துவிட்டேன்.

இன்னொரு வில்லங்கமும் வந்தது. பக்கத்தில்தான் தங்கியிருக்கிறான் என்று மேலதிகாரிக்குத் தெரிந்ததும், "நீர் கிட்டத்தானே நிக்கிறீர், ஒருக்கா வந்து அந்த ஃபைலை எடுத்துத் தந்திட்டுப் போம்" என்று தொடங்கியது. பிறகு சனிக்கிழமைக் கூட்டம். பிறகு இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை கேட்பது. போய்வந்த காலத்தில் நாலேகால் பஸ் எனக்கு ஒரு மதில் மாதிரி இருந்தது. "பஸ் போயிடும் சேர்" என்றால் அதற்கு மேல் யாரும் மறிக்க மாட்டார்கள். தங்கத் தொடங்கியதும் அந்த மதில் விழுந்துவிட்டது. அறை வாடகையைக் கணக்குப் பார்த்தபோது இந்தச் செலவு எனக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் சபீன் சொனன்ராக், சார்லற் ஃப்ரிற்ஸ் என்பவரோடு சேர்ந்து 2007 இல் நாலு விடயங்களைப் பிரித்துக் காட்டினார். வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பது, உடம்பும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் கைதேறுவது, ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்பதைத் தானே தீர்மானிப்பது. இதைப் படித்த பிறகு என் பின்னேரங்களைத் திரும்பிப் பார்த்தேன். நேரம் நிறைய இருந்தது. நாலில் ஒன்றும் இருக்கவில்லை. கட்டிலில் கிடந்து போன் பார்ப்பது ஓய்வு மாதிரித் தெரியும். அதே போனில்தான் மேலதிகாரியும் இருந்தார்.

முதலில் செய்தது அந்தப் போனை அறையில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனது. முல்லைத்தீவுக் கடல் கிழக்கே பார்த்தது. பின்னேரம் சூரியன் முதுகுப் பக்கம், நந்திக்கடல் பக்கமாக இறங்கும். ஐந்து மணிக்குப் பிறகு கரையில் காற்றும் இதமாக இருக்கும். கரைவலை இழுக்கிற நாளில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஐந்து நாள், அரை அரை மணித்தியாலம், கணக்குச் சரி. கார்த்திகை மார்கழியில் மட்டும் இது சரிவராது. மழையும் கடலும் ஒன்றாகிவிடும்.

மழை விட்டதும் கரப்பந்து தொடங்கியது. வன்னியில் எந்த ஊரிலும் ஒரு வலையும் ஏழெட்டுப் பெடியளும் இருப்பார்கள். நாற்பது வயதில் நான் போய் நின்றபோது சிரித்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். நான் அடித்த பந்து ஒரு மாதமாக வலையைத் தாண்டவில்லை. பரவாயில்லை. பந்து வரும்போது ஃபைல் நினைவுக்கு வராது, அதுதான் விசயம். கடற்கரையில் நடந்தால் சில நாள் அலுவலகமும் கூடவே நடந்து வரும். கரப்பந்தில் அதற்கு இடமில்லை. ஆகவே தளர்வுக்கு நடையா விளையாட்டா என்று கேட்டால், உடம்பு களைத்த நாளுக்கு நடை, மனம் சூடேறிய நாளுக்கு விளையாட்டு என்பேன்.

இவ்வளவும் ஓர் ஆணின் கணக்கு. என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நான் அஞ்சரைக்குக் கடற்கரையில தனிய நடந்தால் ஆறு மணிக்கு முழு ஊருக்கும் தெரியும்" என்றாள். பெண்களுக்கு அறை கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வந்தாய், யார் வந்தது என்று எண்ணுவார்கள். போய்வருகிற பெண்களுக்கோ நாள் மூன்றரைக்குத் தொடங்குகிறது. சமைத்து, சோறு கட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். இரவில் திரும்பி வந்தும் அடுப்படிதான். அவர்களுக்கு நான் கண்ட நல்ல ஏற்பாடு, நாலைந்து ஆசிரியைகள் சேர்ந்து ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்து முறை வைத்துச் சமைப்பது. புதுக்குடியிருப்பில் அப்படி ஒரு வீடு தெரியும். பின்னேரம் அங்கே போனால் கறிக்குக் காய் வெட்டுகிற சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம் கூட. தனி அறையைவிடச் செலவும் குறைவு. ஒரு பெண் தனியாகத் தங்குவதா போய்வருவதா என்று யோசித்தால், மற்ற இரண்டுக்கும் முதல் இதைத் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது வழி, குடும்பத்தோடு போவது. என் நண்பர் கிளிநொச்சியில் கனகபுரப் பக்கம் வீடு எடுத்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் எரிச்சல் வரும், அவ்வளவு ஒழுங்கு. நாலரைக்கு வீடு. மகனைச் சைக்கிளில் ஏற்றி இரணைமடுக் குளக்கட்டுக்கு. மாரி முடிந்து குளம் நிறைந்து கிடக்கும்போது அந்தக் கட்டில் நின்றால், வடமாகாணத்திலேயே பெரிய குளம் என்பது கண்ணுக்கே தெரியும். இருட்ட முதல் திரும்பிவிடுவார். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. காட்டோரக் குளம் என்றால் யானையும் வரும். வீட்டு வளவில் கத்தரி, பயிற்றை, இரண்டு முருங்கை. தோட்டம் பற்றி ஒரு பக்கக் கதை: 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்க அமைச்சரவை முடிவெடுத்தது நினைவிருக்கும். நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்று அதைக் கழித்தோம். உண்மையாகவே மண்வெட்டியைத் தூக்கியவர் நான் அறிய அவர் ஒருவர்தான். அந்தக் கத்தரிப் பாத்தி இன்றைக்கும் இருக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் போகவில்லை? பிள்ளைகளின் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்த பிள்ளையை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் எடுத்து வேறிடம் விட எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் வேலை என்றால் பயணம் ஆள் மாறுமே தவிர நிற்காது. வயதான அப்பா அம்மா. நாலைந்து வருடத்தில் திரும்ப மாற்றம் வந்தால் மறுபடி சாமான் ஏற்ற வேண்டும். என் வீட்டில் இந்தக் கதை எடுத்த இரண்டு தரமும் முதல் காரணத்திலேயே முடிந்துவிட்டது. நண்பருக்குப் பிள்ளைகள் சிறியவர்கள், மனைவிக்கும் கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்தது. அந்த இரண்டும் சேர்ந்து அமைந்ததால்தான் அவருக்குச் சரிவந்தது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாங்கள் "கஷ்டப் பிரதேசம்" என்று கடிதத்தில் எழுதுகிற இடம் எங்களோடு வேலை செய்கிற பாதிப் பேருக்குச் சொந்த ஊர். வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு நேரம் ஏழே முக்கால் என்பது மட்டும்தான் நினைவில் இருக்கும். என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர் போர் முடிந்த 2009 மே மாதத்தில் அதே பாலத்தால் நடந்து வெளியே வந்தவர். அவருக்கும் ஃபைல் நெருக்கடி உண்டு, மேலதிகாரியின் வாட்ஸ்அப் உண்டு. அதற்குக் கீழே வேறொன்றும் கிடக்கிறது. அதை மூச்சை எண்ணிக் கரைத்துவிடலாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் போர்க்காலத்தில் வடக்கில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தளர்வுப் பயிற்சிகளை மக்களுடைய சொந்த வழக்கத்திலிருந்தே எடுத்துக்கொடுத்தவர். சைவர்களுக்கு ஓம் என்ற உச்சரிப்பும் சாந்தி ஆசனமும், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. புதிதாக ஒன்றைப் பழகுவதைவிட, அம்மம்மா செய்ததைப் பார்த்து வளர்ந்த ஒன்று கைக்குச் சுலபமாக வரும். என் பக்கத்து மேசைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். என்ன என்று நான் கேட்டதில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர் அவர். அம்மாளின் பெயராக இருக்கலாம்.

மூன்று வழியில் எதை எடுத்தாலும் தீராத அழுத்தமும் இருக்கிறது. வேலையே அளவுக்கு மிஞ்சினது என்றால் இடத்தை மாற்றிப் பயன் இல்லை. கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 வீதம் கூட என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021 இல் கணக்கிட்டன. போய்வருகிற நேரம் அந்த 55 இல் சேராது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு வற்றிப்போன களைப்பு, வேலையை நினைத்தாலே வெறுப்பு, என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து நிற்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் எரிந்துபோதலாக (burnout) குறிக்கிறது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையிடத்துப் பிரச்சினையாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் கடற்கரை நடை போதாது. மேலதிகாரியோடு கதைக்க வேண்டும், முடியாவிட்டால் மாற்றம் கேட்க வேண்டும். நித்திரையும் பசியும் கிழமைக் கணக்கில் இல்லாமல் போனால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால், ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவுக்குப் போக வெட்கப்படக் கூடாது. 1926 என்பது தேசிய உளநல உதவி எண், தொலைபேசியிலேயே கதைக்கலாம்.

நான் கடைசியில் எப்படி முடிவெடுத்தேன் என்றால், ஒரு சீ.ஆர். கொப்பி (மொத்த அட்டைக் கொப்பி) வாங்கினேன். நாலு கிழமை போய்வந்து எழுதினேன், நாலு கிழமை தங்கி எழுதினேன். ஒவ்வொரு நாளும் மூன்றே வரி: எத்தனை மணித்தியாலம் நித்திரை, என் விருப்பத்துக்குச் செலவழித்தது எவ்வளவு நேரம், இன்றைக்கு யாரோடாவது தேவையில்லாமல் கோபித்தேனா. போய்வந்த நாட்களில் நித்திரை ஐந்தைத் தாண்டியது குறைவு, என் நேரம் பெரும்பாலும் பூச்சியம், கோபம் அநேகமாக வீட்டாரோடு. தங்கிய நாட்களில் நித்திரை ஏழு, என் நேரம் இரண்டு மணித்தியாலம், கோபம் யாரோடும் இல்லை. கோபிக்கவும் ஆள் இல்லை என்பது மனைவியின் விளக்கம். புதன், வியாழன் என்று வரும்போது கொப்பியில் எழுத்தே சோர்ந்துபோயிருக்கும். வீட்டு நினைப்பு.

ஆகவே இப்போது திங்கள், செவ்வாய் தங்குகிறேன், புதன் பின்னேரம் வீட்டுக்குப் போகிறேன், வியாழன் விடியப்புறம் திரும்பி வந்து ஒரு இரவு தங்கி, வெள்ளி பின்னேரம் திரும்பவும் வீடு. கிழமைக்கு ஐந்து நாளும் போய்வந்த இடத்தில் இரண்டு போய்வரவு. முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று உள்ளே வேலை என்றால் இதைத்தான் சொல்வேன். மேலதிகாரிக்கு முதல் கிழமையிலேயே, எட்டு மணிக்குப் பிறகு போன் பார்க்க மாட்டேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் போன பிறகு சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும். கிளிநொச்சி நகரம், வீட்டுக்குக் கிட்ட றெயின் நிலையம் என்றால் போய்வாருங்கள், ஆனால் நாலரைத் தேநீரை விடுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகாத வயது, மனைவிக்கோ கணவருக்கோ மாற்றம் எடுக்கலாம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சாமானை ஏற்றுங்கள். நண்பரின் கத்தரிக்காய் சாப்பிட்டவன் சொல்கிறேன்.

பஸ்ஸில் போய்வருவதுதான் என்று முடிவானால், சாரதிக்குப் பின்னால் வரும் வலப்பக்க வரிசையில் சீற் பிடியுங்கள். காலையில் வன்னிக்குப் போகும்போதும் வெயில் இடப்பக்கம், பின்னேரம் யாழ்ப்பாணம் திரும்பும்போதும் இடப்பக்கம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.